கத்தரியா, கதவா?

வைரஸ் எவ்வாறு நம் உடற்செல்லுக்குள் புகுகிறது என்று விளக்கும் கட்டுரைகள் பலவற்றை நீங்கள் படித்திருப்பீர்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே உவமைதான். செல்லின் மேற்பரப்பில் ஒரு பூட்டு. வைரஸின் கையில் ஒரு சாவி. பொருந்தினால் கதவு திறந்துகொள்ளும். எழுதுவோருக்கும் எளிது, படம் வரைவோருக்கும் எளிது. ஆனால் இந்த உவமை நீங்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மறைத்துவிடுகிறது. அந்தப் பூட்டு வைரஸுக்காகவா செய்து வைக்கப்பட்டது? வைரஸ் வராத நாட்களில் அது அங்கே என்ன வேலை பார்க்கிறது?

பல இடங்களில் அது ஒரு நொதியாக இருக்கிறது. ஏதோ ஒரு புரதத்தை வெட்டும் வேலையைச் செய்துகொண்டு செல்லின் வெளிப்புறத்தில் நிற்கிறது. வைரஸ் அந்த நொதியின் வேலையைப் பயன்படுத்துகிறதா, அல்லது அதன் உடலை மட்டும் பிடித்துக்கொள்கிறதா? இந்த இரண்டும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் எழுந்த ஒரு பெரிய விவாதத்தின் மூலக் கட்டுரையை இங்கே மறுபடி எடுத்துப் படித்துப் பார்க்கலாம். 1993 டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில், பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆரா ஹோவனேசியன் குழுவினர் வெளியிட்ட கட்டுரை அது. சிடி-26 என்னும் நொதிதான் எச்.ஐ.வி. வைரஸ் நுழைவதற்கான இரண்டாவது துணை என்று அது கூறியது.

முதலில் கதாநாயகனைப் பார்ப்போம். டைபெப்டிடில் பெப்டிடேஸ்-4 என்பது அதன் முழுப்பெயர். வாய்க்குள் நுழையாத பெயர். டிபிபி-4 என்று சுருக்கிக்கொள்வோம். 1966இல் ஹோப்சு-ஹாவு, கிளென்னர் என்னும் இருவர் இதை முதலில் விவரித்தனர். புரதம் என்பது அமினோ அமிலம் என்ற மணிகளைக் கோத்த மாலை என்பது உங்களுக்குத் தெரியும். டிபிபி-4 இந்த மாலையை வெட்டும் கத்தரி. ஆனால் கண்ட இடத்தில் வெட்டுவதில்லை. மாலையின் தலைப்பக்கத்திலிருந்து எண்ணி, இரண்டாவது மணி புரோலினாகவோ அலனினாகவோ இருந்தால், முதல் இரண்டு மணிகளை மட்டும் நறுக்கி எடுக்கும். அத்துடன் அதன் வேலை முடிந்தது. குடலிலும் சிறுநீரகத்திலும் ஈரலிலும் இருக்கிறது. நம் நோய் எதிர்ப்புப் படையின் டி-செல்களின் மேலும் இருக்கிறது. அங்கே நோய் எதிர்ப்பு ஆய்வாளர்கள் அதற்குச் சூட்டிய பெயர் சிடி-26. பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது வேறு பெயர் என்பதைப் போலத்தான். இரண்டும் ஒரே புரதம் என்பது பின்னரே தெரிய வந்தது.

இனி, கட்டுரை எழுந்த சூழ்நிலை. எச்.ஐ.வி. 1983இல் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, அது உதவி டி-செல்களின் மேலுள்ள சிடி-4 என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது என்று பிரெஞ்சு, ஆங்கிலேயக் குழுக்கள் காட்டின. பூட்டு கிடைத்துவிட்டது என்றுதான் எல்லோரும் எண்ணினர். ஆனால் 1986இல் ஒரு சோதனை இந்த மகிழ்ச்சியைக் குலைத்தது. மனிதனின் சிடி-4ஐ எலியின் செல்லில் பொருத்தினார்கள். வைரஸ் வந்து ஒட்டிக்கொண்டது. உள்ளே மட்டும் போகவில்லை! மனிதச் செல்லில் இருந்து எலிச் செல்லில் இல்லாத வேறொன்று தேவை என்பது தெளிவாயிற்று. அது என்ன? ஏழு ஆண்டுகள் பலர் தேடினர். அந்நாளில் நோயாளிகளுக்கு ஏ.இசட்.டி. முதலிய மூன்றே மருந்துகள்தாம் இருந்தன; அவையும் நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. இரண்டாவது துணை எதுவென்று தெரிந்தால் அதை அடைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் எத்தனை உயிர்கள் தொங்கிக்கொண்டிருந்தன என்பதை நினைவில் கொண்டு இக்கட்டுரையைப் படியுங்கள்.

ஹோவனேசியன் குழுவினர் எடுத்து வைத்த வாதம் கேட்பதற்கு அழகானது. எச்.ஐ.வி.யின் மேலுறைப் புரதத்தில் வி-3 என்றொரு வளையம் உண்டு. வைரஸ் தன் உருவத்தை மாற்றிக்கொண்டே இருந்தாலும், அந்த வளையத்தின் நுனியில் கிளைசின், புரோலின், கிளைசின் என்ற வரிசை பெரும்பாலும் மாறாமல் நிற்கிறது. புரோலின் இருக்கும் இடம் டிபிபி-4க்குப் பிடித்த இடமாயிற்றே! ஆகவே டி-செல்லின் மேலுள்ள இந்தக் கத்தரி வளையத்தை வெட்டுகிறது, அதனால் வைரஸ் உள்ளே பாய்கிறது என்று ஊகித்தனர். கத்தரியின் வேலையைத் தடுக்கும் பொருள்களைச் சேர்த்தபோது தொற்று குறைந்தது. சிடி-26ஐப் பற்றும் எதிர்ப்பொருளைச் சேர்த்தாலும் குறைந்தது. இறுதியாக, எலிச் செல்லில் மனிதனின் சிடி-4, சிடி-26 இரண்டையும் சேர்த்து வைத்தபோது வைரஸ் நுழைந்தது என்றும் அறிவித்தனர். கட்டுரை அச்சேறுவதற்கு முன்பே, அக்டோபரில், ஒரு கருத்தரங்கில் இச்செய்தி வெளியாகி உலகச் செய்தித்தாள்களில் இடம்பெற்றது.

இக்கட்டுரையை அசட்டுத்தனம் என்று ஒதுக்குவோர் உண்டு. அது நியாயமல்ல. நொதி ஒன்று வைரஸின் நுழைவாயிலாக இருக்க முடியும் என்பது அதற்கு முந்தைய ஆண்டே, 1992இல், உறுதிப்பட்டிருந்தது. சளி, தும்மலைத் தரும் 229-ஈ என்ற கொரோனா வைரஸ், அமினோபெப்டிடேஸ்-என் என்ற நொதியைப் பிடித்துக்கொண்டு நுழைகிறது என்று காட்டியிருந்தனர். ஆக, தேடிய திசையில் பிழையில்லை. பிழை எங்கே என்று பார்ப்போம்.

வி-3 வளையத்தின் புரோலின் மாலையின் நடுவில் இருக்கிறது. டிபிபி-4ஓ மாலையின் தலைமுனையில் மட்டுமே வெட்டும் கத்தரி. வாழைத்தாரின் நுனியை மட்டும் கொய்யத் தெரிந்தவனிடம் தண்டின் நடுவை அறுக்கச் சொன்னது போன்ற கதை இது. வேறொரு நொதி முதலில் வந்து வளையத்தை அறுத்துத் தலைமுனை ஒன்றை உண்டாக்கிக் கொடுத்தாலொழிய இது நடவாது. எழுத்துகள் பொருந்துகின்றன என்பதற்காகவே வேதியியல் பொருந்திவிடுமா? இந்தக் கேள்விக்குக் கட்டுரை போதிய விடை தரவில்லை.

அடுத்தது தடுப்பான் சோதனை. ஒன்றைத் தடுத்தேன், தொற்று குறைந்தது, ஆகவே அதுதான் வாசல் என்ற வாதத்தை நீங்கள் எங்கே கண்டாலும் சற்று நின்று யோசியுங்கள். டி-செல் தூண்டப்பட்டு விழிப்படையும்போது சிடி-26 அதன் மேல் கூடுதலாகத் தோன்றுகிறது. எச்.ஐ.வி.யும் விழித்த டி-செல்லில்தான் நன்றாகப் பெருகும். டிபிபி-4ஐத் தடுக்கும் பொருள்கள் டி-செல்களின் பெருக்கத்தையே மந்தமாக்குகின்றன என்பதும் முன்பே சொல்லப்பட்டு வந்தது. செல் சோர்ந்தால் அதில் எதுவுமே குறையும், வைரஸும் குறையும். மின்சாரம் நின்ற ஊரில் சினிமாக் கொட்டகைக்குக் கூட்டம் வரவில்லை என்பதால் மின்கம்பிதான் கொட்டகையின் வாசல் என்று சொல்ல முடியுமா?

இவற்றையெல்லாம் மீறிக் கட்டுரையைத் தாங்கி நின்றது எலிச் செல் சோதனை ஒன்றே. அது வலுவான சோதனை. அது மட்டும் பிறர் கையிலும் சரியாக வந்திருந்தால் மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். வரவில்லை. 1994 மே மாதம் அதே இதழில் பல குழுக்கள் தங்கள் முடிவுகளை வெளியிட்டன. மனித சிடி-4உம் சிடி-26உம் சேர்ந்திருந்த எலிச் செல்லில் வைரஸ் நுழையவில்லை. சிடி-26 தென்படாத மனிதச் செல் வகைகளிலோ அது தாராளமாக நுழைந்தது. இரண்டாவது செய்தி முதலாவதைவிடக் கடுமையானது. கதவு என்று சொல்லப்பட்டது இல்லாத வீட்டிலும் திருடன் புகுந்திருக்கிறான் அல்லவா?

அப்படி மறுத்த குழுக்களில் ஒன்று, அமெரிக்கத் தேசிய உடல்நலக் கழகத்தின் எட்வர்ட் பெர்கர் குழு. 1996 மே மாதம் உண்மையான துணையைக் கண்டுபிடித்ததும் அவர்களே. அவர்கள் இதுவாக இருக்கலாம் என்று எதையும் முன்கூட்டி ஊகிக்கவில்லை. மனிதச் செல்லின் மரபுச் செய்திகளின் தொகுப்பு முழுவதையும் எடுத்து, பகுதி பகுதியாகப் பிரித்து, சிடி-4 தாங்கிய எலிச் செல்களுக்குள் செலுத்தினர். வைரஸின் உறைப் புரதம் தாங்கிய செல்லுடன் எது கலந்து ஒன்றாகிறதோ அது நீலநிறம் காட்டும்படி ஏற்பாடு செய்தனர். நீலம் தெரிந்த தொகுதியை மேலும் மேலும் சலித்து, ஒரே ஒரு மரபணுவில் வந்து நின்றனர். ஃபியூசின் என்று பெயரிட்டனர். இன்று அதன் பெயர் சிஎக்ஸ்சிஆர்-4. அடுத்த மாதமே ஐந்து குழுக்கள் சிசிஆர்-5 என்ற இன்னொன்றையும் அறிவித்தன. இரண்டும் நொதிகள் அல்ல. கீமோகைன் என்னும் சிறு தூதுப் புரதங்கள் வந்து அமரும் ஏற்பிகள். சிசிஆர்-5ஐ அடைக்கும் மரவிராக் என்ற மருந்து 2007இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1993இல் எதிர்பார்த்த மருந்து வேறொரு வாசலுக்கு வந்து சேர்ந்தது.

பெரும்பாலான நூல்கள் கதையை இத்துடன் முடித்துவிடுகின்றன. சிடி-26 தவறு, சிஎக்ஸ்சிஆர்-4 சரி, அத்தியாயம் முற்றும். இங்குதான் மறுத்தவர்களோடும், அவர்களைப் பின்பற்றி எழுதியவர்களோடும் எனக்கு மாறுபாடு. கதவு அல்ல என்று நிறுவினார்கள், சரிதான். ஆனால் கத்தரி அங்கேயே இருக்கிறதே! அது என்ன செய்கிறது என்ற கேள்வியையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டால் எப்படி?

1995 டிசம்பரில் ராபர்ட் கேலோவின் ஆய்வுக்கூடம், ரான்டெஸ் முதலிய மூன்று கீமோகைன்கள் எச்.ஐ.வி.யைத் தடுக்கின்றன என்று காட்டியது. காரணம் பிறகு விளங்கிற்று. அவை சிசிஆர்-5இல் அமர்பவை. பேருந்தில் முன்கூட்டியே துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல, அவை அமர்ந்திருக்கும்போது வைரஸுக்கு இடமில்லை. 1996 ஆகஸ்டில் எஸ்டிஎஃப்-1 என்ற இன்னொரு கீமோகைன் சிஎக்ஸ்சிஆர்-4இல் அமர்வது தெரிந்தது. இப்போது இவற்றின் தலைமுனையைப் பாருங்கள். ரான்டெஸின் முதல் இரண்டு மணிகள் செரின், புரோலின். எஸ்டிஎஃப்-1இன் முதல் இரண்டு மணிகள் லைசின், புரோலின். இரண்டாவது மணி புரோலின். அதுவும் மாலையின் நடுவில் அல்ல, தலைமுனையிலேயே! நம் கத்தரிக்கு இதைவிடப் பொருத்தமான இரை ஏது? வி-3 வளையத்தில் தேடிய பொருத்தம் வைரஸில் இல்லை, வைரஸை மறிக்கும் தூதரிடம் இருந்தது.

1997, 1998 ஆண்டுகளில் பல ஆய்வுக்கூடங்கள் இதைச் சோதித்தன. டிபிபி-4 இந்த இரண்டையும் வெட்டுகிறது. விளைவுதான் வியப்பானது. 68 மணி கொண்ட எஸ்டிஎஃப்-1இன் தலையில் இரண்டு மணிகள் போனதும் அது சிஎக்ஸ்சிஆர்-4ஐத் தூண்டும் ஆற்றலை இழந்தது, எச்.ஐ.வி.யைத் தடுக்கும் ஆற்றலும் போயிற்று. அதே 68 மணி கொண்ட ரான்டெஸின் தலையில் இரண்டு மணிகள் போனதும் நடந்தது வேறு. முழு ரான்டெஸ் சிசிஆர்-1 என்ற இன்னோர் ஏற்பியிலும் நன்கு வேலை செய்யும். வெட்டுண்ட ரான்டெஸுக்கு அங்கே பிடிப்புக் குறைந்தது. சிசிஆர்-5இல் பிடிப்பு நிலைத்தது. எச்.ஐ.வி.யைத் தடுப்பதில் அது முன்னைவிட வலிமை பெற்றது. ஒரே கத்தரி, ஒரே அளவு வெட்டு. ஓரிடத்தில் வைரஸுக்கு வழிவிடுகிறது. இன்னோரிடத்தில் வழியை அடைக்கிறது.

இதை நோயின் போக்கோடு வைத்துப் பாருங்கள். புதிதாகத் தொற்றும் எச்.ஐ.வி. பெரும்பாலும் சிசிஆர்-5 வழியை நாடுவது. சிலரிடம் நோய் முற்றிய நிலையில் சிஎக்ஸ்சிஆர்-4ஐ நாடும் வகை தலைகாட்டுகிறது. ஆகவே சிடி-26 எச்.ஐ.வி.க்கு உதவுகிறதா, இல்லையா என்று யாராவது உங்களிடம் கேட்டால், எந்த எச்.ஐ.வி.க்கு, எந்தச் செல்லில், அருகில் எந்தத் தூதுப் புரதம் இருக்கையில் என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். 1993இல் வந்த தடுப்பான் சோதனைகளையும் அவற்றின் மறுப்புகளையும் இந்தக் கேள்விகளோடு படித்தால், இரு தரப்பினரும் ஆம் அல்லது இல்லை என்ற விடையையே தேடினார்கள் என்பது புலப்படும். இவையெல்லாம் ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் வளர்த்த செல்களில் கண்டவை என்பதையும் மறக்க வேண்டாம். உடலில் கீமோகைனை வெட்டும் நொதிகள் வேறு பலவும் உண்டு.

பூட்டு, சாவி உவமைக்கு இவற்றில் எதையும் சொல்ல இடமில்லை. பூட்டு எதையும் வெட்டாது. தூதரின் தலையைத் திருத்தாது.

இனி, நொதியின் உடலை மட்டும் பயன்படுத்தும் வைரஸ்களைச் சற்றுப் பார்ப்போம். 229-ஈ வைரஸுக்கு அமினோபெப்டிடேஸ்-என் தேவை. ஆனால் அந்த நொதி வெட்டும் வேலையைச் செய்யாவிட்டாலும் வைரஸ் கவலைப்படுவதில்லை. 2003இல் சார்ஸ் வைரஸுக்கும், 2020இல் கோவிட் வைரஸுக்கும் ஏசிஇ-2 என்ற நொதி இப்படியே பிடிமானமாயிற்று. மழைநீர்க் குழாயைப் பிடித்து மாடியேறும் திருடனை எண்ணிக்கொள்ளுங்கள். குழாயில் நீர் ஓடுகிறதா, வறண்டு கிடக்கிறதா என்பது அவனுக்குப் பொருட்டல்ல. நீரை நிறுத்தினால் அவன் விழமாட்டான். குழாயைப் பெயர்த்தால்தான் விழுவான். கத்தரியின் வேலையே தேவைப்படும் இடமும் இல்லாமலில்லை. கோவிட் வைரஸின் முள் புரதத்தை டிஎம்பிஆர்எஸ்எஸ்-2 என்ற மேற்பரப்பு நொதி வெட்டிக்கொடுத்தால்தான் அது அந்த வழியாகச் செல்லுக்குள் போகிறது. அங்கே நொதியின் வேலையைத் தடுத்தால், வளர்ப்புச் செல்களில், வைரஸ் தடைபடுகிறது.

நம் டிபிபி-4க்கும் ஒரு வைரஸ் காத்திருந்தது. 2012இல் சவுதி அரேபியாவில் ஜெட்டா நகரின் மருத்துவமனை ஒன்றில் கடும் நுரையீரல் நோயால் வந்தவரிடம் புதிய கொரோனா வைரஸ் ஒன்று காணப்பட்டது. மெர்ஸ் என்று பின்னர் பெயர் பெற்றது. ஒட்டகத்திலிருந்து மனிதருக்கு வருவது. 2013 மார்ச்சில் ஹாலந்தின் ராட்டர்டாம் நகர ஆய்வாளர்கள் அதன் வாசலைக் கண்டுபிடித்தனர். டிபிபி-4! எச்.ஐ.வி.க்கு வாசல் என்று சொல்லி 20 ஆண்டுகளுக்கு முன் ஒதுக்கப்பட்ட அதே சிடி-26தான். டி-செல்களின் மேல் இது நிறைய இருப்பதால் அங்கும் ஆபத்து உண்டு. மெர்ஸ் வைரஸ் மனித டி-செல்களுக்குள் புகுந்து அவற்றைச் சாவுக்கு உள்ளாக்குகிறது என்று 2016இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் காட்டினர். நோயை எதிர்க்க வேண்டிய படையே கைப்பிடி தாங்கி நிற்கிறது.

இந்தக் கட்டத்தில் உங்களில் சிலருக்கு வீட்டு மருந்துப் பெட்டி நினைவுக்கு வந்திருக்கலாம். நீரிழிவுக்குத் தரும் சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் மாத்திரைகள் டிபிபி-4இன் வேலையைத் தடுப்பவையே. ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனின் இரண்டாவது மணி அலனின். அதனால் டிபிபி-4 அதைச் சில நிமிடங்களில் வெட்டிப் பயனற்றதாக்குகிறது. மாத்திரை கத்தரியை நிறுத்தினால் ஹார்மோன் சற்று நேரம் கூடுதலாக நின்று இன்சுலின் சுரக்கத் துணை செய்கிறது. சிட்டாகிளிப்டின் 2006 முதல் வழக்கில் இருக்கிறது. டிபிபி-4ஐத் தடுக்கும் மாத்திரை கையில் இருக்க மெர்ஸுக்கு மருந்து எதற்கு என்று தோன்றுகிறதல்லவா? ராட்டர்டாம் குழுவினர் அதையும் சோதித்தனர். தடுப்பான்கள் வைரஸைச் சிறிதும் தடுக்கவில்லை. டிபிபி-4இன் மேல் ஒட்டும் எதிர்ப்பொருள்கள் தடுத்தன.

புரதத்தின் வடிவத்தைப் படம்பிடித்தபோது காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. டிபிபி-4இன் ஒரு பகுதி, எட்டு இதழ் கொண்ட காற்றாடி போன்றது. வெட்டும் இடமோ உள்ளே ஒரு குழிக்குள் இருக்கிறது. மாத்திரை போய் அமர்வது அங்கேதான். மெர்ஸ் வைரஸ் பற்றுவது காற்றாடியின் வெளிப்புறத்தில், நான்காம் ஐந்தாம் இதழ்களை. அடினோசின் டிஅமினேஸ் என்னும் இன்னொரு நொதி நம் டி-செல்லில் இயல்பாக வந்து ஒட்டிக்கொள்ளும் இடமும் ஏறக்குறைய அதுவே. அது மிகுந்திருந்தால் வைரஸுக்குப் பிடி கிடைப்பதில்லை.

எலிக்கு மெர்ஸ் வராது. எலியின் டிபிபி-4 நம்முடையதைப் போலவே வெட்டும் வேலையைச் செவ்வனே செய்கிறது. ஆனால் காற்றாடி இதழின் விளிம்பு சற்று வேறானது. அந்த விளிம்பில் 288ஆம், 330ஆம் இடங்களில் இருந்த இரண்டு மணிகளை மட்டும் மாற்றி எலிகளை உருவாக்கியபோது, மெர்ஸ் அவற்றின் செல்களுக்குள் நுழைந்தது.